பழைய வாஷிங் மெஷினில் ஊளைச் சத்தம்: கோளாறு புல்லியில்

மும்பை சயானில் எங்கள் வீட்டுப் பழைய செமி ஆட்டோமேட்டிக்குக்கு வாஷ் மோட்டார் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மாற்றியதும் ஊளை ஆரம்பித்தது. பெல்ட்டை இறுக்கி, தளர்த்திப் பார்த்தாச்சு. கெப்பாசிட்டர், ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. ஊளை அப்படியே.

கவனிக்க வேண்டியது: மோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே ஸ்ருதி. பேரிங் போயிருந்தால் கரகரக்கும்; இது நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. பெல்ட்டைக் கழற்றி ஓட்டினாலும் அதேதான். செல்போன் ட்யூனர் (ஸ்ருதி காட்டும் ஆப்) 280 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 280 அதிர்வு பக்கம் காட்டியது. மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று, நொடிக்கு 23. புதுப் பிளாஸ்டிக் புல்லியோடு சேர்ந்த விசிறியில் சம இடைவெளியில் 12 இறக்கை. ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது காற்றில் ஒரு துடிப்பு; பெருக்கினால் நொடிக்கு 276, கிட்டத்தட்ட ட்யூனர் காட்டியதேதான்! பழைய அலுமினியப் புல்லியில் இடைவெளிகள் ஏறுக்குமாறு. அதனால் காற்றுச் சத்தம் ஒரே ஸ்ருதியில் குவியாது. (இறக்கையை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், மோட்டாரைக் குளிர்விப்பதே அதுதான்.)

பழைய புல்லியைக் கழற்றியதே அதன் ஸ்க்ரூ மரை தேய்ந்ததால். தாராவி 90 அடி ரோடு லேத் அண்ணாச்சி, "ஒரு சைஸ் பெரிசா டேப் அடிச்சு, புது மரை வெட்டி, ஸ்க்ரூ போட்டுத் தாரேன் தம்பி" என்றார். அந்தப் பழைய புல்லியையே மாட்டினேன். ஊளை போயே போச்சு. லேசான காற்றிரைச்சல் மட்டும்.