மழலைக்கு மறுமொழி சொல்வது எப்படி?

ஏறத்தாழ 2 மாத அளவில் குழந்தை 'ஆ', 'ஊ' என்று குரல் எழுப்பத் தொடங்கும்போது, உங்கள் முகம் அதற்கு ஓர் அடி தொலைவில் தெரியுமாறு மடியில் கிடத்திக்கொண்டு, அது எழுப்பிய ஒலியையே திருப்பிச் சொல்லிவிட்டு, மறுபடி அது குரல் கொடுக்கும்வரை பேசாமல் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பெரியவர்கள் பலரும் மறந்துவிடுகிறோம். முறை வைத்துப் பேசுவதைக் குழந்தை பழகுவது அந்த இடைவெளியில்தான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், சற்று ஓய்வு கொடுங்கள். 6 மாதத்துக்குப் பின் 'பாபா', 'மாமா' போன்ற அடுக்கொலிகள் வரும் (மாமன்மார் பெருமைப்படுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது). 9 முதல் 12 மாதங்களுக்குள் காக்கையையோ நிலாவையோ விரலால் சுட்டத் தொடங்கும்போது, அது காட்டும் திசையிலேயே நீங்களும் பார்த்து அப்பொருளின் பெயரைச் சொல்லுங்கள். உரத்த ஓசைக்கும் திடுக்கிடாத குழந்தையைத் தாமதிக்காமல் செவித்திறன் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.