ரிவர்ஸ் மறுபடி வேலை செய்தது

என் 1979 மாடல் காருக்கு வாங்கிய பழைய ஆட்டோ கியர்பாக்ஸில் ரிவர்ஸ் போட்டால் மூன்று நொடி கழித்துத்தான் கார் நகர்ந்தது. சரி என்று, சிங்கப்பூர் சிராங்கூனில் மாமா வீட்டுப் போர்ச்சிலேயே பிரித்தேன். கிளட்ச் தட்டுகளை எண்ணெய் அழுத்தத்தால் நெருக்கும் பிஸ்டனின் ரப்பர் சீலை நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தது. எண்ணெய் அழுத்தம் ஓரமாகக் கசிந்தால் தட்டுகள் எப்படிப் பிடிக்கும்? எல்லா சீலையும் மாற்றினேன். புது உராய்வுத் தட்டுகளை இரவு முழுக்க ஏடிஎஃப் எனும் ஆட்டோ கியர் எண்ணெயில் ஊறப்போட்டேன். காய்ந்தபடியே மாட்டினால் கருகிவிடும். எண்ணெயைத் திசைதிருப்பும் வால்வு பாடியின் குட்டி எஃகுக் குண்டுகள் உருண்டோடாமலிருக்க, தேக்காவில் வாங்கிய வாசலினைத் தடவினேன். அது எண்ணெயில் கரைந்துவிடும். அப்புறம், எஞ்சின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்: கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பில் முழுதாக உட்காரும்வரை சுழற்றிச் சுழற்றித் தள்ளினேன். அவசரப்பட்டு போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். முதல் நாள் மாமாவோடு ஈஸ்ட் கோஸ்ட் போனேன்.