உள்ளே வந்தவர் எல்லாம் உரிமையாளர் இல்லை: வெப் டெவலப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு சிறிய தளத்துக்கு 'என் பயணங்கள்' பக்கத்தை நான்தான் எழுதினேன். லாகின் செய்தால் டிக்கெட் தெரியும், செய்யாவிட்டால் தெரியாது. அது போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்த என் அறை நண்பன் போன் செய்தான். பொழுது போகாமல் யூஆர்எல்லில் இருந்த டிக்கெட் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்திருக்கிறான். யாரோ ஒரு பெண்ணின் பெயர், வயது, போன் நம்பர், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறார் என்பது வரை வந்துவிட்டது. "டேய், இது நீ பண்ண பக்கம்தானே?" என்றான்.

உடனே ஆபீஸுக்கு ஓடினேன். சரிசெய்ய ஒரு வரி போதுமானதாக இருந்தது. 'இந்த எண்ணுள்ள டிக்கெட்டைக் கொடு' என்று டேட்டாபேஸிடம் கேட்ட க்வெரியை, 'இந்த எண்ணுள்ள, இப்போது லாகின் செய்திருப்பவருக்குச் சொந்தமான டிக்கெட்டைக் கொடு' என்று மாற்றினேன். ஆனால் அவனுக்கு முன்னால் வேறு யாராவது இப்படிப் பார்த்தார்களா என்று தேடியபோது பதில் கிடைக்கவில்லை. எந்தப் பயனர் எந்த டிக்கெட்டைத் திறந்தார் என்பதை நாங்கள் பதிவு செய்யவே இல்லை.

'நீ யார்?' என்று கேட்பது ஒரு வேலை. 'இது உன்னுடையதா?' என்று கேட்பது இன்னொரு வேலை. அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் ஒருவரை உள்ளே விட்டார் என்பதற்காக நாம் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பதில்லை. ஆனால் கோடில் அதைத்தான் செய்கிறோம். முதல் கேள்வியை, தளம் கட்ட நாம் பயன்படுத்தும் ஆயத்தக் கட்டமைப்பான ஃபிரேம்வொர்க் நமக்காகக் கேட்டுவிடுகிறது. இரண்டாவது கேள்வியை அதனால் தானாகக் கேட்க முடியாது, எந்த டிக்கெட் யாருடையது என்பது அதற்குத் தெரியாது. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் இந்த அனுமதிக் கோளாறு 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021-இல் முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, அதே டிக்கெட்டின் பிடிஎஃப் இணைப்பை மறந்துவிடுவார்கள். ரத்து செய்யும் ஏபிஐயை, அதாவது ரத்துக் கோரிக்கையைச் சர்வர் வாங்கும் முகவரியை, மறந்துவிடுவார்கள். அட்மினுக்கான பொத்தானைத் திரையில் மறைத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் முகவரியைத் திறந்தே விடுவார்கள். எண்ணை யூகிக்க முடியாதபடி நீளமாக்கினால் போதும் என்று சிலர் வாதாடுவார்கள். அது தேடுபவரின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த இணைப்பை ஒருவர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டால் எண்ணின் நீளம் யாரையும் காப்பாற்றாது.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்று உண்டு. டெஸ்டிங்கில் எப்போதும் இரண்டு கணக்குகள் வையுங்கள். முதல் கணக்கின் குக்கியை (லாகின் செய்திருப்பதைக் காட்ட பிரவுசர் அனுப்பும் அடையாளத்தை) வைத்து இரண்டாம் கணக்கின் டிக்கெட்டைக் கேளுங்கள். 404, அதாவது 'அப்படி எதுவும் இல்லை' என்ற பதில், வர வேண்டும். 'அனுமதி இல்லை' என்று பதில் சொன்னால் அப்படி ஒரு டிக்கெட் இருக்கிறது என்பதை நாமே சொல்லிக் கொடுத்தது போல ஆகும். ஒவ்வொரு புது ஏபிஐக்கும் இந்தச் சோதனையைத் தானியங்கியாக எழுதி வைத்துவிட்டால், கோட் ரிவியூவில் கண் தவறினாலும் அது பிடித்துவிடும்.

பிரவுசரிலிருந்து வரும் மற்ற விஷயங்களையும் அப்படியே நம்பக் கூடாது. டிக்கெட் விலையை மறைந்த ஃபீல்டில் வைத்து அனுப்பி, திரும்பி வரும் அதே எண்ணைக் கொண்டு பணம் வசூலிப்பது ஒரு தவறு. முகவரி மாற்றும் படிவத்திலிருந்து வரும் எல்லா ஃபீல்டுகளையும் மொத்தமாக டேட்டாபேஸில் எழுதுவது இன்னொன்று. யாராவது கூடவே 'நான் அட்மின்' என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்து அனுப்பினால் அதுவும் பதிவாகிவிடும். எந்தெந்த ஃபீல்டை மாற்றலாம் என்று சர்வரில் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

எஸ்க்யூஎல் இஞ்செக்ஷன், அதாவது பயனர் தரும் சொல்லுக்குள் டேட்டாபேஸ் கட்டளையை நுழைப்பது, எல்லாருக்கும் பாடமாகத் தெரியும். தெரிந்தும் நடக்கிறது. பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015-இல் இந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் தகவல் போனது. மறு வருடம் 4 லட்சம் பவுண்டு அபராதம். பயனர் தந்த சொல்லைக் க்வெரியோடு ஒட்டாமல், பாராமீட்டராகத் தனியே அனுப்புங்கள். க்வெரியை நமக்காக எழுதித் தரும் ஓஆர்எம் லைப்ரரியைப் பயன்படுத்துவதால் கவலை இல்லை என்று இருக்க வேண்டாம். 'விலைப்படி வரிசைப்படுத்து' என்பது போன்ற இடத்தில் டேபிளின் நெடுவரிசைப் (column) பெயரைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது, அங்கேதான் பலர் சொல்லை அப்படியே ஒட்டுகிறார்கள். அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் எக்ஸ்எஸ்எஸ்: ஒருவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட், பக்கத்தைப் பார்க்கும் மற்றவர்களின் பிரவுசரில் ஓடுவது. 2005-இல் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் ஒரு இளைஞர் தன் பக்கத்தில் வைத்த சிறு ஸ்கிரிப்ட், ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. பயனர் எழுதியதைக் காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்வதுதான், அதாவது அது கோடாக ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுவதுதான் மருந்து. பலர் அதை விட்டுவிட்டு, வாங்கும் இடத்திலேயே 'எழுத்துகள் மட்டும்' என்று தடுத்துப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இது நம் மொழியையே வெளியே தள்ளுகிறது. யூனிகோடில் நம் துணையெழுத்துகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' என்ற வேறு வகையில் இருக்கின்றன. அதனால் அந்த விதி 'முருகன்' என்ற பெயரைத் தவறு என்று சொல்லும். தன் பெயரைத் தமிழில் எழுத ஒருவருக்கு உரிமை உண்டு. அதைப் பறிப்பதால் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

பாஸ்வேர்ட்: 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்தவை சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் தனியே சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத ஷா-1 ஹாஷ்கள், அதாவது பாஸ்வேர்டை உருமாற்றி வைத்த வடிவங்கள், அதனால் வேகமாக உடைபட்டன. வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும் பிகிரிப்ட் ஹாஷ் முறை 1999 முதலே இருக்கிறது. 2015-இல் பாஸ்வேர்ட் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 இருக்கிறது. சொந்தமாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஓடிபி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நாலு இலக்க ஓடிபிக்கு மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான். தவறான முயற்சிகளை எண்ணி நிறுத்தாவிட்டால் ஒரு சாதாரண ஸ்கிரிப்ட் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். டெஸ்டிங் வசதிக்காக ஏபிஐயின் பதிலிலேயே ஓடிபியைச் சேர்த்துவிட்டு, அப்படியே லைவில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் (Git) தவறி ஏற்றிய ரகசியச் சாவியை அடுத்த கமிட்டில் (அடுத்த சேமிப்பில்) அழித்தால் அது போகாது, பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குங்கள். மற்றவை பிறகு. லைப்ரரிகளுக்கு வரும் பேட்சையும் (ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும்) தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 14.7 கோடிப் பேரின் தகவல் போனது 2017 மே மாதம் தொடங்கிய ஊடுருவலில். அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது.

கடைசியாக லாக், அதாவது நடந்ததைப் பதிந்து வைக்கும் குறிப்பு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. யார், எந்தப் பதிவை, எப்போது, எங்கிருந்து திறந்தார் என்பதை எழுதி வையுங்கள். பாஸ்வேர்ட், ஓடிபி, முழு கார்டு நம்பர் எதுவும் அதில் விழக் கூடாது. அன்றைக்கு எங்கள் லாகில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும்.