வெள்ளி வரையா, வெள்ளிக்குள்ளா? ஆங்கிலக் கடிதங்களில் காலை வாரும் சிறு சொற்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மாலை ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஆள் மாறினாலும் மின்னஞ்சல்களில் தவறுகள் மாறுவதில்லை. 'லிசன்' என்றால் 'டு', 'டிபெண்ட்' என்றால் 'ஆன்' என்பதெல்லாம் பள்ளியிலேயே பழகியிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

வேண்டாத 'அபவுட்'

தமிழில் 'பற்றி', மலாயில் 'தெந்தாங்' என்று பேசிப் பழகியதால் 'டிஸ்கஸ் அபவுட்' தானாக வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்', 'எம்ஃபசைஸ்', 'ரிக்வெஸ்ட்' மூன்றும் வினையாக வரும்போது பின்னால் இப்படிச் சிறு சொல் எதுவும் வேண்டாம். பெயராக வந்தால்தான் வேண்டும்: 'டிஸ்கஷன் அபவுட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்'.

'பை'யும் 'அன்டில்'லும்

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இதில் பணம் போகிறது.

அச்சகம் ஒன்றில் வேலை பார்த்த மாணவி, அழைப்பிதழ்களை மார்ச் 10-க்குள் தருவதாகச் சொல்ல நினைத்து, 'வீ வில் டெலிவர் தி கார்ட்ஸ் அன்டில் 10 மார்ச்' என்று எழுதிவிட்டாள். வாடிக்கையாளர் அதைச் சரியாகவே படித்தார்: கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், 10-ஆம் தேதியோடு முடியும். முதல் கட்டு வரக் காணோம் என்றதும் ஆர்டரை வேறு கடைக்கு மாற்றிவிட்டார். அட்டையெல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. முதலாளி அந்தப் பெண்ணைத்தான் கடிந்துகொண்டார். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

'வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு' என்று நாம் பேசுகிறோம். அந்த 'வரை'தான் 'சப்மிட் அன்டில் ஃப்ரைடே' ஆகிறது. நேரம் இருப்பது வெள்ளி வரை, கொடுப்பது வெள்ளிக்குள். காத்திருப்பது, கடை திறந்திருப்பது, விலை செல்லுபடியாவது எல்லாம் நீடிக்கும் செயல்கள், அவற்றுக்கு 'அன்டில்'. அனுப்புவது, கட்டுவது, முடிப்பது ஒரே தடவையில் தீர்பவை, அவற்றுக்கு 'பை'.

'நாட்' சேர்ந்தால் கதை வேறு. 'வீ வில் நாட் டெலிவர் அன்டில் 10 மார்ச்' என்றால் 10-ஆம் தேதிக்கு முன் கிடைக்காது என்று பொருள். இது சரியான ஆங்கிலம்தான்.

பணமும் கெடுவும் சம்பந்தப்பட்ட கடிதமா? 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதிவிடுங்கள். அந்தத் தேதியும் சேர்த்தியா என்ற வாக்குவாதமே வராது. மலாய்க் கடிதங்களில் 'செபெலும் அத்தாவ் பாடா' என்று போடுவதும் இதற்காகத்தான்.

'இன் டூ வீக்ஸ்'

நாம் 'ரெண்டு வாரத்துல' என்றால் அதற்குள் எந்த நாளும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு வாரம் கழிந்த பிறகு என்றே எடுத்துக்கொள்வார்கள். 'விதின்' போடுங்கள்.

'அப்ளை லீவ்'

'ஃபார்' எங்கே?

'மேரீட் வித்'

'மேரீட் டு'. அப்புறம், 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்பதும் சரிதான். ஆனால் அது மணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொல்வது.

'லுக்கிங் ஃபார்வர்டு டு'

பின்னால் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'.