ஏலகிரி ஏறி காற்றின் அடுக்குகளை அளப்பது எப்படி?

வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. அந்த வெயில் தரைக்காற்றை எவ்வளவு உயரம் வரை கலக்கி விடுகிறது என்று ஏலகிரி மலையில் ஏறி நாமே கணக்குப் போடலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாரோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும்) சென்சார் உள்ள செல்போன், எக்செல் போதும். செல்போன் காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள்; அது பேட்டரி சூடு.

1. விடிகாலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பைக்கில் ஏறுங்கள். (பஸ் நாம் சொல்கிற இடத்தில் நிற்காது.) பொன்னேரி அடிவாரம், 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று நான்கு, கடைசியாக உச்சி. தெர்மாமீட்டரை நிழலில், நெஞ்சு உயரத்தில், தார் ரோட்டை விட்டுத் தள்ளிப் பிடித்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். மேலே புங்கனூர் ஏரிக்கரை வேண்டாம். பள்ளமான இடம், விடியலில் குளிர்காற்று வழிந்து வந்து தேங்கிவிடும். காற்றடிக்கும் மலை விளிம்புதான் சரி.

2. செல்போனில் அழுத்தத்தைக் குறியுங்கள். இந்த உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் சுமார் 9.5 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள்.

3. முக்கியமான வேலை இதுதான். மேலேறும் காற்று விரிந்து, கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். அதனால் ஒவ்வொரு வெப்பநிலை அளவோடும், அடிவாரத்திலிருந்து ஏறிய உயரத்துக்கு உரிய டிகிரியைக் கூட்டுங்கள். உதாரணமாக மத்தியானம் அடிவாரத்தில் 36, 700 மீட்டர் மேலே 29.5 என்றால், 29.5 + 6.9 = 36.4. ஏறக்குறைய சமம், காற்று நன்றாகக் கலந்திருக்கிறது. விடியலில் கீழே 22, மேலே 20 என்றால் 26.9 வரும், கீழே உள்ள 22-ஐவிட அதிகம். கீழ்க்காற்று மேலேற முடியாமல் அடைபட்டிருக்கிறது. காலையில் அடுப்புப் புகை ஊருக்கு மேலே தட்டையாகப் படுத்திருப்பது இதனால்தான்.

4. இனி மாடல். மலைச்சரிவுக் காற்றும் திறந்தவெளிக் காற்றும் ஒன்றல்ல. உச்சிக்கு மேலே அளக்க மலையும் இல்லை. சென்னை மீனம்பாக்கத்தில் காலை 5.30 மணிக்கணக்கில் விடும் வானிலை பலூனின் அளவுகளை வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். சென்னை கடலோரம் என்பதால் அடிப்பகுதிக்கு உங்கள் விடிகாலை அளவுகளையே வைத்து, உச்சிக்கு மேலே பலூன் அளவுகளைச் சேர்த்து, எந்த உயரத்தில் என்ன வெப்பநிலை என்று வரைபடம் போடுங்கள்; இதுதான் காலைக் கோடு. அடிவாரத்தின் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையிலிருந்து கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குறையும் ஒரு கோடு இழுங்கள். அது காலைக் கோட்டை வெட்டும் உயரம்தான் அன்றைய கலப்பு உயரம், அதாவது வெயில் தரைக்காற்றைக் கலக்கி விடும் உயரம். மே மாதத்துத் தெளிந்த நாளில் அது ஏலகிரியையே தாண்டிப் போகும்.

மழை நாளில் இந்தக் கணக்கு ஓடாது. நீராவி மேகமாகும்போது வெப்பம் வெளிப்படும், 9.8 என்ற எண்ணே குறைந்துவிடும்.