திறந்தவெளிக் கோடை விழாவுக்குப் போகிறீர்களா? சூட்டைப் பார்க்காதீர்கள், யூவி அளவைப் பாருங்கள்

புதிய நாட்டில் முதல் கோடை வந்ததும் உடன் வேலை செய்பவரோ, உடன் படிப்பவரோ திறந்தவெளி விழா ஒன்றுக்கு உங்களைக் கட்டாயம் அழைப்பார்கள். போய் வாருங்கள், ஊரோடு பழக அதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் காலையில் போனால் இரவில்தான் திரும்புவீர்கள். பெரிய மைதானம், ஒரு மேடை, சில கூடாரங்கள், மற்றபடி தலைக்கு மேல் வானம்தான். கிளம்பும்முன் போனில் வானிலையைப் பார்த்து, "20 டிகிரிதானே, இதெல்லாம் ஒரு வெயிலா" என்று எதுவும் எடுக்காமல் போய்விடுவதுதான் புதிதாக வருபவர்கள் பலருடைய வழக்கம். முதலில் மாற வேண்டியது இந்தக் கணக்கு.

நாம் வெயிலைச் சூட்டை வைத்து அளந்து பழகியவர்கள். தோலைப் பொசுக்குவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அது உடம்பில் படுவது நமக்குத் தெரியவே தெரியாது. குளிர்ந்த காற்று வீசும் நாளில் சூரியன் உச்சியில் இருந்தால், வியர்வை ஒரு துளிகூட வராமலேயே தோல் கன்றிச் சிவந்துவிடும். மெல்லிய மேகம் இருந்தாலும் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடுகிறது. ஆகவே வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் யூவி இன்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள் (யூவி என்பது புற ஊதாக் கதிரின் ஆங்கிலச் சுருக்கம்). 1992இல் கனடாவில் தொடங்கிய இந்த அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு தேவை. 8ஐத் தொட்டால் நண்பகலில் வெட்டவெளியில் நிற்பதையே குறைத்துக்கொள்ள வேண்டும். 11ம் அதற்கு மேலும் உச்சக்கட்டம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு வந்தவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அங்கே கோடையில் இந்த எண் 11ஐத் தாண்டுவது சாதாரணம். தென்கோளத்தின் கோடையில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, காற்றில் தூசும் புகையும் குறைவு, ஓசோனும் வடக்கைவிடச் சற்றுக் குறைவு. மலைப்பகுதியில் நடக்கும் விழா என்றால் எந்த நாடானாலும் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும்.

நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டித்தான். பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற இடங்களில் கிட்டத்தட்ட 2 மணி ஆகிவிடும். "உச்சி வெயில் போய்விட்டது" என்று நினைத்து 2 மணிக்கு நிழலை விட்டு வெளியே வந்தால் சரியாக அதன் நடுவில்தான் போய் நிற்பீர்கள். கடிகாரமே இல்லாமல் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. மறுபக்கம், வட நாடுகளில் இரவு 8 மணிக்கும் பளிச்சென்று வெளிச்சம் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தாழ்ந்த சூரியனில் கதிர் மிகக் குறைவு. அதிகக் கவனம் பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வேண்டும், மற்ற நேரத்திலும் யூவி எண் 3க்குக் கீழே இறங்கும்வரை பாதுகாப்பை விடாதீர்கள்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து

"நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு நம்மிடையே சகஜம். பாதிதான் உண்மை. தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் தொடங்கிவைத்த ஒரு வகைப்பாட்டைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதில் ஆறு வகை. நிறத்தின் பெயரைவிட, வெயில் பட்டால் தோல் என்ன செய்கிறது என்பதுதான் அங்கே கேள்வி: எப்போதும் பொசுங்கிக் கறுக்கவே கறுக்காதது முதல் வகை, அநேகமாகப் பொசுங்கவே பொசுங்காதது ஆறாம் வகை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவார்கள். வெளிர்நிறம் உள்ளவர்கள் மூன்றில் வரலாம், அவர்களுக்கு ஒரு நாள் விழா தாராளமாகப் போதும் தோல் உரிய. மிகக் கருமையான தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமிகூட ஏறக்குறைய எஸ்பிஎஃப் 13 (சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு எண்) அளவுக்குத்தான் காக்கும் என்பது ஒரு மதிப்பீடு. மாநிறத் தோலில் அதைவிடக் குறைவு.

மாநிறத்திலும் கருமையிலும் இன்னொரு தொல்லை, சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் சூடு, இழுத்துப் பிடிப்பது, உடை உரசினால் எரிச்சல், பிறகு அரிப்பு, இவைதான் அடையாளம். கூட வந்த வெள்ளைக்காரத் தோழி செக்கச் சிவந்து நிற்கும்போது உங்களுக்கும் அதே சேதத்தில் ஒரு பங்கு நடந்திருக்கலாம்.

வெண்புள்ளி உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது அறிவுரைகளில் இவர்கள் அநேகமாக விடுபட்டுப்போகிறார்கள். அந்தத் திட்டுகளில் மெலனின் இல்லை. சுற்றியுள்ள தோல் சாதாரணமாக இருக்கும்போதே திட்டு மட்டும் வெந்துவிடும். கை, வாயோரம், கண்ணோரம், கால்விரல் ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வருகிறது, விழாவில் திறந்து கிடப்பவையும் அவைதான். அதிலும் கைகள். ஒவ்வொரு முறை கழுவும்போதும், கிருமிநாசினி தேய்க்கும்போதும் பூசிய சன்ஸ்கிரீன் போய்விடும். சின்ன ட்யூப் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கை கழுவியதும் பூசுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தோலோடு கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படும். பக்கவாட்டிலும் மூடும் கறுப்புக் கண்ணாடி, அகல விளிம்புத் தொப்பி, உடல் மூடிய உடை, இவற்றைத்தான் அவர்கள் முதலில் நம்ப வேண்டும், க்ரீம் அதற்குப் பிறகு.

முகத்தில் மங்கு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுக்காது. தோல் நிறத்தில் வரும் டின்டட் வகையில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது, அதுதான் உதவும்.

தோலை வெளுக்க வைக்கும் க்ரீம் எதையாவது பூசிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த க்ரீம்கள் சந்தையில் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. அவை தோலின் இயற்கைப் பாதுகாப்பைக் குறைக்கின்றன, அந்த முகத்தோடு நாள் முழுக்க வெயிலில் நிற்பது இரட்டைக் கேடு. வெயிலிலிருந்து தோலைக் காப்பது கறுத்துவிடாமல் இருப்பதற்காக அல்ல, வெந்துபோகாமல் இருப்பதற்காக.

உடையும் தொப்பியும்

மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நாம் நினைக்கும் அளவுக்குக் காக்காது, நனைந்தால் இன்னும் மோசம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் அப்படித்தான் நுழையும். நெருக்கமாக நெய்த, அடர்நிறமான, தளர்வான முழுக்கை உடை நல்லது. துணியின் பாதுகாப்பு எண்ணான யூபிஎஃப் 50 என்று குறித்திருந்தால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பேஸ்பால் தொப்பி நெற்றியை மட்டும் காக்கும், காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். சுற்றிலும் எட்டு சென்டிமீட்டராவது விளிம்பு உள்ள தொப்பி வாங்குங்கள். குடையை நம்பிப் போகாதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று பல விழாக்களில் அனுமதிப்பதில்லை. டிக்கெட்டோடு வரும் விதிமுறைகளைப் படித்தால் தெரியும். நிழலில் நின்றாலும் வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் பக்கவாட்டில் படும் என்பதால், கூடாரத்தின் ஓரத்தைவிட உள்ளே தள்ளி உட்காருவது மேல்.

சன்ஸ்கிரீன்: எண்ணைவிட அளவு முக்கியம்

தோலைப் பொசுக்கும் கதிரில் எஸ்பிஎஃப் 30 ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 ஏறக்குறைய 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நிஜத்தில் நாம் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு முறை பூச 35 மில்லி வேண்டும், ஏழு தேக்கரண்டி. முகம், கழுத்து, காதுக்கு ஒன்று. ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, மார்புப் பக்கம் ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஆகவே 50 மில்லி ட்யூபை நான்கு பேர் பங்குபோட்டு ஒரு நாளை ஓட்ட முடியாது. உடையால் எவ்வளவு மூடுகிறீர்களோ அவ்வளவு க்ரீம் மிச்சம். இந்தக் காரணத்துக்காகவும் நான் முழுக்கைச் சட்டையின் பக்கம்தான்.

எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யூவிபி என்ற பொசுக்கும் வகைக் கதிரை மட்டுமே சொல்கிறது. யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கிறதா என்று நாட்டுக்கு நாடு வேறு மாதிரி குறிப்பார்கள். ஐரோப்பாவில் வட்டத்துக்குள் யூவிஏ என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லைத் தேடுங்கள். ஜப்பான், கொரியா தயாரிப்புகளில் பிஏ என்பதற்குப் பின்னால் கூட்டல் குறிகள், அதிகம் இருந்தால் அதிகப் பாதுகாப்பு.

கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு, உடை மாட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்துத் துடைத்தால் உடனே. போனில் அலாரம் வைக்காவிட்டால் ஆட்டம் பாட்டத்தில் மறந்துவிடும். காது மடல், பிடரி, தலை வகிடு, உதடு, செருப்புக்கு வெளியே தெரியும் பாதத்தின் மேல்பக்கம், இந்த ஐந்தும்தான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். கொசு விரட்டியும் பூச வேண்டுமென்றால் சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதற்கு மேல். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி சன்ஸ்கிரீனின் பலனைக் குறைக்கும், அதனால் மறுபூச்சை இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். ஸ்ப்ரே வகை திறந்தவெளிக் காற்றில் பாதி பறந்துவிடும், நுழைவாயில் சோதனையிலும் எடுத்து வைத்துவிடலாம். பிளாஸ்டிக் ட்யூபில் வரும் க்ரீமே வசதி.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசாமல் நிழலிலும் உடையாலும் காப்பதுதான் பொதுவான அறிவுரை. தள்ளுவண்டியைத் துணியால் முழுக்க மூடிவிடாதீர்கள், உள்ளே சூடு வேகமாக ஏறும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். பருவுக்கும் மலேரியாத் தடுப்புக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், இவை எல்லாம் தோலை வெயிலுக்கு எளிதில் பொசுங்க வைப்பவை. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருந்தாளரிடம் கேட்டுவிட்டு உடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு கையில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமும் வாரக்கணக்கில் மறையாத பழுப்புத் தழும்பும் வரும். பானம் கலக்கினால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

"இப்படி மூடிக்கொண்டால் வைட்டமின் டி?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான், வட நாடுகளில் நம் தோல்நிறத்தவருக்கு அது குறையத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு வழி வெந்துபோவது அல்ல, மாத்திரை. பிரிட்டனில் தெற்காசியப் பின்னணி உள்ளவர்கள் ஆண்டு முழுக்கத் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கும்படி அரசே சொல்கிறது.

சரி, பொசுங்கிவிட்டதா?

எரிச்சல் தொடங்கும்போதே சேதம் நடந்து முடிந்திருக்கும், முழு வீரியம் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எனவே லேசாகச் சுருக்கென்றதும் "இன்னும் ஒரு பாட்டு" என்று நிற்காமல் நிழலுக்குப் போய் மூடிக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடுங்கள், ஐஸ் வேண்டாம். ஈரப்பதம் தரும் க்ரீம், நிறையத் தண்ணீர், வலித்தால் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

விழா மைதானத்தில் முதலுதவிக் கூடாரம் இருக்கும், நுழைந்ததும் அது எங்கே என்று பார்த்து வையுங்கள். மொழி சரளமாக வராவிட்டாலும் தயங்காமல் போங்கள், அவர்கள் அதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பரவலான கொப்புளம், காய்ச்சல், நடுக்கம், வாந்தி இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். யாராவது உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு, உடனே அவசர எண்ணை அழையுங்கள்: ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்கா, கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. உதவி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள்.

மூன்று நாள் விழாவில் முதல் நாளே பொசுங்கிவிட்டால், மற்ற நாட்களில் அந்த இடத்துக்கு சன்ஸ்கிரீன் மட்டும் போதாது. ஆறும்வரை அங்கே வெயிலே படக்கூடாது. முழுக்கை உடை போட்டு, பகல் நிகழ்ச்சிகளைக் கூடாரத்துக்குள்ளிருந்து கேளுங்கள், வெயில் சாய்ந்ததும் மேடைக்கு முன்னால் போகலாம்.