சேற்றிலிருந்து மின்னோட்டம்: மின்முனையில் நுண்ணுயிர்ப் படலம் வளர்ப்பது எப்படி?

நாம் உண்ணும் உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் கடைசியில் மூச்சில் வரும் ஆக்சிஜனிடம் போய்ச் சேருகின்றன. சேற்றின் அடியிலோ ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை இரும்பு ஆக்சைடிடம் தள்ளிவிடுகின்றன. அது திடப்பொருள், செல்லுக்குள் நுழையாது. ஆகவே எலக்ட்ரானைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் வழி இவற்றிடம் இருக்கிறது. இரும்புக்குப் பதில் கார்பன் மின்முனை கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும்.

தேவை: கண்ணாடி ஜாடி, குளத்துச் சேறு, கார்பன் ஃபெல்ட் (கரி இழைகளாலான தடித்த துணி) இரண்டு துண்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 1000 ஓம் மின்தடை, மல்டிமீட்டர். செம்புக் கம்பியைச் சேற்றில் புதைக்காதீர்கள். நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. துத்தநாகமும் சாதா இரும்பும் அரிக்கும்போது தாமே மின்னோட்டம் தரும், அதைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

1. கல், வேர் நீக்கிச் சேற்றைக் குழையப் பிசையுங்கள்.

2. அடியில் கொஞ்சம் சேறு, அதன்மேல் ஆனோடு (கம்பி கோத்த ஒரு ஃபெல்ட் துண்டு; பாக்டீரியாவிடமிருந்து எலக்ட்ரானை வாங்கும் மின்முனை), அதற்கு மேல் குறைந்தது 5 செ.மீ. சேறு. காற்றுக்குமிழி தங்காமல் அமுக்குங்கள்.

3. சேற்றின் மேற்பரப்பில் கேத்தோடை (கம்பி கோத்த இன்னொரு துண்டு; எலக்ட்ரான் கம்பி வழியே வந்து காற்றின் ஆக்சிஜனைச் சேரும் மின்முனை) வையுங்கள். அடிப்பக்கம் ஈரத்திலும் மேற்பக்கம் காற்றிலும் இருக்கட்டும். ஜாடியை இறுக மூட வேண்டாம்.

4. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்தடையை இணைத்து அப்படியே விட்டுவிடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். சுற்று திறந்திருந்தால் எலக்ட்ரான் போக வழியில்லை; அப்போது ஆனோடு பாக்டீரியாவுக்கு வெறும் கரித்துண்டு. மீட்டரில் பெரிய வோல்ட் தெரியலாம், ஆனால் நாம் எதிர்பார்க்கும் படலம் வளராது.

சரி, சுற்று மூடியதும் என்ன நடக்கிறது? முதலில் ஒட்டிய செல்கள், தம் வெளிச்சவ்விலுள்ள, எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் புரதங்கள் வழியே நேரடியாக எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. அவற்றின் மேல் அடுத்த அடுக்குகள் ஏறுகின்றன. தூரத்தில் இருப்பவற்றுக்கு நுண்ணிழைகள் உதவுகின்றன. ஜியோபாக்டரின் அத்தகைய இழை ஒன்று சைட்டோகுரோம்கள் வரிசையாகக் கோத்தது என்று 2019இல் தெரியவந்தது. ஷிவனெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஃபிளேவின் என்ற சிறு மூலக்கூறை வெளியே விட்டு, அதன் தலையில் எலக்ட்ரானை ஏற்றி அனுப்பிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். செல்கள் தாமே சுரக்கும் பசைக்குள் இவ்வளவும் சேர்ந்ததுதான் உயிரிப்படலம். பல பத்து மைக்ரோமீட்டர் தடிமன் வரை வளரும்.

5. தினமும் மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். முதல் நாட்களில் ஏதோ கொஞ்சம்தான் காட்டும். ஓரிரு வாரங்களில் மெல்ல ஏறும். முதல் மணி நேரத்திலேயே எகிறினால் உலோக அரிப்பைச் சந்தேகியுங்கள். 0.3 வோல்ட் காட்டினால் ஓடுவது 0.3 மில்லிஆம்பியர், திறன் 0.09 மில்லிவாட். எல்.இ.டி.யை நேரடியாக எரிக்க இது போதாது.

அளவு திடீரென விழுந்தால் முதலில் கேத்தோடு காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். தண்ணீர் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், எண் நிலையானதும் 470 ஓமுக்கு மாற்றி, ஓட்டம் கூடுகிறதா என்று கணக்கிடுங்கள்.